பள்ளி வளாகப் பிரெய்ரியில் செடி வளர்ச்சியை ஆய்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவின் மத்திய மேற்கு மாநிலங்களில் பல பள்ளிகள் வளாகத்தின் ஒரு மூலையில் பழைய பிரெய்ரியை மறுபடி வளர்த்து, அதையே அறிவியல் பாடத்துக்கான களமாகவும் வைத்திருக்கின்றன. அந்த நிலத்தில் மாணவர்களை அளவெடுக்க அழைத்துப் போகும் ஆசிரியர்களும் பெற்றோரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில்கள்.

பிரெய்ரி என்பது புல்வெளிதானே? அதில் மீட்டெடுக்க என்ன இருக்கிறது?

விளையாட்டுத் திடலில் இருப்பது ஒன்றிரண்டு வகைப் புல். நல்ல உயரப்புல் பிரெய்ரியில் ஆளுயரப் புற்களோடு சூரியகாந்திக் குடும்பம், அவரைக் குடும்பம், புதினாக் குடும்பம் என நூற்றுக்கும் மேற்பட்ட பல்லாண்டுத் தாவரங்கள் பின்னிக் கிடக்கும். அவற்றின் வேர்கள் பல்லாயிரம் ஆண்டுகளாக மட்கிச் சேர்த்த கரிய மண்தான் பிரெய்ரிக்கே எமனாகவும் ஆனது. 1837-இல் ஜான் டீர் என்ற கொல்லர் எஃகுக் கலப்பையைச் செய்த பிறகு, அடுத்த சில பத்தாண்டுகளில் அந்த மண் ஏறக்குறைய முழுவதும் உழவுக்குப் போய்விட்டது. 'பிரெய்ரி மாநிலம்' என்று தன்னை அழைத்துக்கொள்ளும் இல்லினாயில், கெடாத நிலையில் மிஞ்சியிருப்பது பழைய பரப்பில் 0.1 சதவீதத்துக்கும் குறைவு.

உழுது கைவிட்ட நிலத்தில் அதே செடிகளைத் திரும்ப ஊன்றி வளர்ப்பதைத்தான் மீட்டெடுப்பு என்கிறோம். விஸ்கான்சின் மாநிலம் மேடிசனில், பல்கலைக்கழகத்தின் ஆர்போரீட்டம் என்ற தாவர ஆய்வுப் பூங்காவில் உள்ள கர்டிஸ் பிரெய்ரி இதற்கு முன்னோடி. 1935-இல் பழைய பண்ணை நிலத்தில் வேலை தொடங்கியது. பிரெய்ரிக்கு நெருப்பு ஏன் வேண்டும் என்பதைச் சோதித்துக் காட்டிய தொடக்க கால ஆய்வுகளில் சில அங்கேதான் நடந்தன.

எவ்வளவு இடம் வேண்டும்?

100 சதுர மீட்டர் போதும். அதற்குக் குறைந்தால் ஓரத்தின் தாக்கம் நடுவரை வந்துவிடும்: சுற்றியுள்ள திடல் புல் மட்டநிலத்தண்டு வழியாக உள்ளே ஊர்ந்து வரும். சுற்றிலும் 1.5 முதல் 2 மீட்டர் அகலத்துக்குப் புல்வெட்டி ஓட்டிய பாதை ஒன்று விடுங்கள். அளவெடுக்கும் இடம் எப்போதும் ஓரத்திலிருந்து ஒரு மீட்டர் உள்ளே இருக்கட்டும். நாளுக்கு ஆறு மணி நேரமாவது நேரடி வெயில் விழ வேண்டும். கட்டடத்தின் வடக்குப் பக்கம் உதவாது.

விதை எவ்வளவு? எடையைப் பார்த்து வாங்கினால் போதாதா?

போதாது. வகுப்புகள் அதிகம் தவறுவது இங்கேதான். விதையை எண்ணிக்கையில் கணக்கிட வேண்டும். சதுர அடிக்கு 40 முதல் 60 விதை என்பது வழக்கமான அளவு. சதுர மீட்டருக்குச் சுமார் 430 முதல் 650 ஆகும். ஒரு கிராமில் பிக் புளூஸ்டெம் புல்லின் விதை ஏறக்குறைய 350 இருக்கும். பிளாக் ஐடு சூசன் பூச்செடியின் விதை பொடி போன்றது. கிராமுக்குச் சுமார் 3,200. காம்பஸ் செடியின் விதை தட்டையாகப் பெரியது. கிராமுக்கு 23 அளவில்தான் வரும். மூன்றையும் சம எடையில் கலந்து தூவினால் நிலம் முழுக்க மஞ்சள் சூசன்தான் முளைக்கும். காம்பஸ் செடி தேடினாலும் கிடைக்காது.

100 சதுர மீட்டருக்குச் சதுர மீட்டருக்கு 500 விதை என்றால் மொத்தம் 50,000. பாதிக்குப் புல், பாதிக்குப் பூச்செடி என்று பிரித்துக்கொண்டு, ஒவ்வொரு இனத்தின் பங்கையும் அதன் கிராம் எண்ணிக்கையால் வகுக்க மாணவர்களையே விடுங்கள். நல்ல கணக்குப் பாடம் இது. விதைப் பொட்டலத்தில் உள்ள எடையில் பதரும் தூசியும் சேர்ந்திருக்கும். தூய்மைச் சதவீதத்தையும் முளைப்புச் சதவீதத்தையும் பெருக்கிவரும் 'தூய உயிர்விதை' அளவைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். 80 சதவீதத் தூய்மை, 75 சதவீத முளைப்பு என்றால் பத்து கிராமில் உருப்படியானது ஆறு கிராம்தான்.

சிறிய நிலத்துக்குப் பிக் புளூஸ்டெம், இந்தியன் கிராஸ், ஸ்விட்ச்கிராஸ் மூன்றையும் குறைத்துவிடச் சொல்வோம். ஐந்தாம் ஆண்டில் அவை இரண்டு மீட்டர் உயர்ந்து பூச்செடிகளை அமுக்கிவிடும். லிட்டில் புளூஸ்டெம், பிரெய்ரி டிராப்சீட் ஆகிய குட்டைப் புற்கள் கையடக்கமானவை. சிறு பிள்ளைகள் அவற்றின் உச்சியைப் பார்க்கவும் முடியும்.

வகுப்பறையில் விதை முளைக்கவே இல்லை. ஏன்?

பெரும்பாலும் அது குளிர்காலத்தைக் காணாத விதையாக இருக்கும். இந்தச் செடிகளின் விதை இலையுதிர் காலத்தில் விழுந்து, பனியடியில் ஈரமாகக் கிடந்து, வசந்தத்தில் முளைக்கப் பழகியது. குளிரும் ஈரமும் சேர்ந்து சில வாரம் படாவிட்டால் உள்ளே இருக்கும் தடை நீங்காது.

செய்முறை எளிது. விதையைப் போல நான்கு மடங்கு மணல் எடுங்கள். கையில் பிடித்துப் பிழிந்தால் சொட்டு விழாத அளவுக்கு மட்டும் நனையுங்கள். கலந்து மூடும் பிளாஸ்டிக் பையில் போட்டு, இனத்தின் பெயரும் தேதியும் எழுதி, 1 முதல் 5 டிகிரி செல்சியஸ் குளிர்பெட்டியில் வையுங்கள். உறைபெட்டியில் வைக்கக் கூடாது. பிரெய்ரி பிளேசிங் ஸ்டார், காம்பஸ் செடி இரண்டுக்கும் 60 நாள். பிக் புளூஸ்டெம், பெர்காமட் போன்றவை குளிர் இல்லாமலே முளைக்கும். அவற்றை ஒப்பீட்டுக்கு வைத்துக்கொள்ளலாம். பாப்டிசியா போன்ற அவரைக் குடும்ப விதைகளுக்குத் தோல் கடினம். இரண்டு உப்புத்தாளுக்கு நடுவே வைத்து, பளபளப்பு மங்கும் வரை தேய்த்தால் நீர் உள்ளே இறங்கும்.

பையில் பூஞ்சணம் பிடித்தால் நீர் அதிகம் என்று பொருள். குளிர்பெட்டியிலேயே வெள்ளை முளை தெரியத் தொடங்கினால் உடனே விதைத்துவிடுங்கள், காலம் முடியக் காத்திருக்க வேண்டாம். நேரே நிலத்தில் விதைப்பதானால் இந்த வேலையெல்லாம் இயற்கையிடமே விடலாம்: நவம்பரில், மண் குளிர்ந்த பிறகு தூவி, மிதித்து மண்ணோடு ஒட்டச் செய்தால் போதும். ஆழமாகப் புதைப்பது தவறு. சிறு விதைகள் கால் அங்குலத்துக்குக் கீழே போனால் மேலே வரத் தெம்பு இருக்காது.

முதல் ஆண்டு முழுக்கக் களைதான் தெரிகிறது. தோற்றுவிட்டோமா?

இல்லை. முதலாண்டு தூங்கும், இரண்டாம் ஆண்டு தவழும், மூன்றாம் ஆண்டு துள்ளும் என்று அங்கே ஒரு சொல் உண்டு. அது உண்மையும்கூட. பல்லாண்டுச் செடி முதல் கோடையில் தன் உணவில் பெரும்பங்கை வேருக்கு அனுப்பிவிடுகிறது. மண்ணுக்கு மேல் விரல் நீளத்தில் இரண்டு மூன்று இலை மட்டும் இருக்கும். காம்பஸ் செடி பூக்கவே பல ஆண்டு எடுக்கும்.

ஓராண்டுக் களைகளோ மேலே மட்டும் வளர்பவை. அதனால் முதலாண்டில் களை 30 செ.மீ. உயரம் வரும்போதெல்லாம் 15 செ.மீ. உயரத்தில் வெட்டுங்கள். பிரெய்ரி நாற்றுகள் பெரும்பாலும் அந்த வெட்டுக்குக் கீழேயே இருக்கும். புற்களின் வளர்முனை மண்ணை ஒட்டி இருப்பதால் நுனி வெட்டுப்பட்டாலும் சேதமில்லை. கையால் பிடுங்க வேண்டாம். பெரிய களையைப் பிடுங்கினால் அருகில் உள்ள பத்து நாற்றும் சேர்ந்து வந்துவிடும்.

முதலாண்டில் உயரத்தை அளந்தால் மாணவர்கள் சோர்ந்துபோவார்கள். அந்த ஆண்டில் அளக்க வேண்டியது நாற்றுகளின் எண்ணிக்கை.

எதை அளக்க வேண்டும்? உயரம் மட்டும் போதுமா?

உயரத்தை எல்லோரும் விரும்புகிறார்கள், அளக்க எளிது. ஆனால் உயரம் எளிதில் ஏமாற்றும் அளவு. ஒரு மாணவர் இலையை நீட்டிப் பிடித்து அளப்பார், இன்னொருவர் வளைந்து நிற்கும்படியே அளப்பார். பிக் புளூஸ்டெமில் இந்த இரண்டுக்கும் இடையே சாதாரணமாக 20, 30 செ.மீ. வித்தியாசம் வரும். எது வேண்டுமோ ஒன்றைத் தேர்ந்து குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எழுதிவிடுங்கள். இயல்பாக நிற்கும் உயரத்தைப் பரிந்துரைப்போம். நீட்டிப் பிடிப்பது ஆளுக்கு ஆள் மாறும். இலையின் உயரத்தையும் பூங்கதிரின் உயரத்தையும் தனித்தனிப் பத்தியில் எழுதுங்கள். ஆகஸ்டில் கதிர் எழும்பும்போது உயரம் திடீரென இரட்டிப்பாகும். இரண்டையும் ஒரே பத்தியில் எழுதினால் வரைபடத்தில் பொய்யான பாய்ச்சல் தெரியும்.

எந்தச் செடியை அளப்பது என்பதையும் மாணவர் விருப்பத்துக்கு விடக் கூடாது. விட்டால் எல்லோர் கையும் உயரமான செடிக்கே போகும். தரையில் வைத்து அளக்கும் சதுரச் சட்டத்தின் (செய்முறை அடுத்த கேள்வியில்) நான்கு மூலைக்கும் நடுவுக்கும் மிக அருகில் இருக்கும் ஐந்து செடிகள் என்று விதி வைத்தால் இந்தச் சாய்வு போய்விடும்.

உயரத்தைவிட நம்பத்தக்கவை இரண்டு. ஒன்று, புற்களின் தூர் எண்ணிக்கை. நெல் தூர் கட்டுவதுபோலவே லிட்டில் புளூஸ்டெமும் ஆண்டுதோறும் தூர் பெருக்கும். செடி வலுப்படுவதை இது நேராகக் காட்டும். மற்றொன்று, மூடுபரப்பு: மேலிருந்து பார்க்கும்போது ஓர் இனத்தின் இலைகள் சட்டத்தில் எத்தனை சதவீதத்தை மறைக்கின்றன என்பது. 37-ஆ 42-ஆ என்று பிள்ளைகளைச் சண்டையிட விடாமல் டாபன்மயர் என்ற சூழலியலாளர் வகுத்த சதவீத வகுப்புகளைப் பயன்படுத்துங்கள்: 0–5, 5–25, 25–50, 50–75, 75–95, 95–100. கணக்கிடும்போது ஒவ்வொன்றுக்கும் நடுமதிப்பு, அதாவது 2.5, 15, 37.5, 62.5, 85, 97.5. எல்லா இனங்களையும் கூட்டினால் 100-ஐத் தாண்டலாம். இலைகள் அடுக்கடுக்காக இருப்பதால் அப்படித்தான் வரும். அது பிழை இல்லை.

மாதிரிச் சட்டத்தை எப்படிச் செய்வது? எங்கே வைப்பது?

பிவிசி குழாய், நான்கு முழங்கை இணைப்புகள். உள்ளளவு 50 × 50 செ.மீ. வர வேண்டும், பரப்பு கால் சதுர மீட்டர். குழாயை நேராக 50 செ.மீ. நீளத்தில் வெட்டிவிட்டால் முழங்கை சேர்ந்து உள்ளளவு கூடிவிடும். 53 செ.மீ. ஆனால் பரப்பு 12 சதவீதம் அதிகம். சற்றுக் குறைத்து வெட்டி, பொருத்தி, உள்ளே அளந்து பார்த்த பிறகே ஒட்டுங்கள். மூன்றாம் ஆண்டுக்குப் பிறகு செடிகள் உயர்ந்துவிடுவதால் சட்டத்தை மேலிருந்து இறக்க முடியாது. ஒரு பக்கத்தை ஒட்டாமல் விட்டு, தரையோடு பக்கவாட்டில் நுழைத்துப் பிறகு மூடலாம்.

கண்ணை மூடி எறிவது சீரற்ற தேர்வு ஆகாது. எறிபவர் நிற்கும் இடத்தைச் சுற்றியே விழும். நிலத்தின் நீளத்தையும் அகலத்தையும் அளந்து, ஒவ்வோர் இடத்துக்கும் இரண்டு எண்கள் குலுக்கி எடுங்கள். ஒப்பிடும் பகுதி ஒவ்வொன்றுக்கும் எட்டு முதல் பத்து சட்டமாவது வேண்டும். அந்த இடங்களை நிரந்தரமாகக் குறித்து ஆண்டுதோறும் அங்கேயே அளப்பது நல்லது. இரண்டு எதிர் மூலைகளில் 15 செ.மீ. ஆணியைப் பெரிய வாஷரோடு மண் மட்டத்துக்கு அடித்து இறக்குங்கள். பிளாஸ்டிக் கொடி நெருப்பில் உருகும், புல்வெட்டியிலும் சிக்கும். ஆணி கண்ணில் படாமல் போனால் உலோகம் கண்டறியும் கருவி காட்டிக்கொடுக்கும்.

மிதிபடுவதுதான் சிறு நிலத்தின் பெரிய சேதம். எப்போதும் சட்டத்தின் ஒரே பக்கத்தில், தெற்கு என்றால் தெற்கிலேயே, மண்டியிடச் சொல்லுங்கள். ஒரு சட்டத்துக்கு மூன்று பேர்: ஒருவர் பார்க்க, ஒருவர் அளக்க, ஒருவர் எழுத.

பூக்காத நேரத்தில் எல்லாப் புல்லும் ஒன்றுபோல் இருக்கிறதே?

இலையும் தண்டும் சேரும் இடத்தைப் பாருங்கள். அங்கே இருக்கும் சிறு சவ்வு அல்லது மயிர் வரிசைதான் இலைநாக்கு. 10 மடங்கு கைவில்லை இருந்தால் ஐந்து நிமிடத்தில் பழகிவிடும். இந்தியன் கிராஸில் இலைநாக்கு இரண்டு காதுபோல மேலே கூர்ந்து நிற்கும், துப்பாக்கியின் குறிமுனை போல. ஸ்விட்ச்கிராஸில் இலையின் அடியில் 'வி' வடிவத்தில் அடர்ந்த மயிர்த்திட்டு இருக்கும். பிக் புளூஸ்டெமின் கீழ் இலைகளில் பட்டுப்போன்ற நீண்ட மயிர் உண்டு. கதிர் வந்துவிட்டால் மூன்று விரலாகப் பிரிந்து வான்கோழிக் கால்போல் நிற்கும். லிட்டில் புளூஸ்டெமின் அடித்தண்டு உருண்டையாக இல்லாமல் தட்டையாகவும் நீலம் கலந்தும் இருக்கும்.

ஏப்ரல் மாதத்தில் மற்றவை உறங்கும்போது பச்சையாகத் தழைத்திருக்கும் புல்லைச் சந்தேகியுங்கள். அது பெரும்பாலும் ஸ்மூத் புரோம் அல்லது கென்டக்கி புளூகிராஸ், வெளியிலிருந்து வந்தவை.

வளர்ச்சி உச்சமாவது ஜூலையில். அப்போது பள்ளி விடுமுறை. என்ன செய்வது?

பள்ளிப் பிரெய்ரிகள் எல்லாவற்றுக்கும் உள்ள தலைவலி இது. பிரெய்ரியின் முக்கியப் புற்கள் சி4 வகை. வெப்பத்தில்தான் அவற்றின் ஒளிச்சேர்க்கை வேகமெடுக்கும். ஏப்ரலில் அசைவில்லாமல் இருந்து, மே மாதத்தில் எழுந்து, ஜூன், ஜூலையில் ஓடி, ஆகஸ்ட், செப்டம்பரில் கதிர் விடும். பள்ளி நாளிலோ ஓட்டத்தின் தொடக்கமும் முடிவும் மட்டுமே கையில் கிடைக்கும்.

மே கடைசி வாரத்தில் ஒன்று, செப்டம்பர் இரண்டாம் வாரத்தில் ஒன்று என இரு நிலையான அளவெடுப்பு வைத்துக்கொள்ளுங்கள். நடுவே வாரம் ஒருமுறை ஒரு குடும்பம் என முறை வைத்து, குறிக்கப்பட்ட பத்துச் செடிகளை மட்டும் அளக்கச் சொன்னால் இருபது நிமிட வேலை. தேதிக்குப் பதிலாக வெப்பக் கணக்கை எழுதினால் ஆண்டுகளை ஒப்பிட எளிது: அன்றைய அதிக வெப்பத்தையும் குறைந்த வெப்பத்தையும் கூட்டிப் பாதியாக்கி, 10 டிகிரியைக் கழித்து, மிச்சத்தை நாள்தோறும் சேர்த்துக்கொண்டே போங்கள். கழித்தால் சுழிக்குக் கீழே வரும் நாளைச் சுழியாக எடுக்க வேண்டும். குளிர்ந்த வசந்தம் வந்த ஆண்டில் செடி ஏன் 'தாமதித்தது' என்பது இந்தக் கணக்கில் தெளிவாகும்.

உரம், தண்ணீர்?

உரம் வேண்டாம். நைட்ரஜன் கொடுத்தால் முதலில் கொழுப்பது களை. தண்ணீர், நட்ட நாற்றுக்கு முதல் சில வாரம் மட்டும்.

எரிப்பது கட்டாயமா? மாணவர்கள் அதை எப்படி ஆய்வது?

பழைய சருகு மண்ணின் மேல் மெத்தையாகப் படிந்தால் வசந்த வெயில் கீழே இறங்காது. மண் குளிர்ந்தே கிடக்கும். எரித்ததும் கரிய மண் சீக்கிரம் சூடேறும், முளைக்கும் குருத்துக்கு முழு வெளிச்சம் கிடைக்கும். ஏப்ரல் பிற்பகுதியில் எரித்தால் இன்னொரு பயனும் உண்டு: அப்போது பச்சையாக இருப்பவை வெளிப் புற்கள், அடிபடுவதும் அவையே. பிரெய்ரிப் புற்களின் குருத்து இன்னும் மண்ணடியில் பத்திரமாக இருக்கும்.

எரிப்பது பயிற்சி பெற்ற குழுவின் வேலை. அனுமதியும் காற்றுக் கணக்கும் அவர்கள் பொறுப்பு. மாணவர்கள் தொலைவில் நிற்க வேண்டும். அனுமதி கிடைக்காத பள்ளிகள் மார்ச்சில் தாழ வெட்டி, வெட்டியதை முழுவதும் வாரி வெளியேற்றலாம். வாராமல் விட்டால் வெட்டியதன் பயன் பாதிகூட இல்லை.

ஆய்வுக்கு நிலத்தை இரண்டாகப் பிரித்து ஒரு பாதியை மட்டும் எரியுங்கள். மறுபாதியில் பூச்சிகளுக்குப் புகலிடமும் கிடைக்கும். இரண்டிலும் 5 செ.மீ. ஆழ மண் வெப்பத்தை ஆறு வாரம், ஒரே மணி நேரத்தில் எடுங்கள். பிறகு தூர் எண்ணிக்கை, செப்டம்பரில் பூங்கதிர் எண்ணிக்கை. எரித்த பக்கத்தில் கதிர்கள் கூடுதலாக வருவதைச் சின்ன வகுப்புப் பிள்ளையும் எண்ணிப் பார்த்துச் சொல்லிவிடும்.

வேரைத் தோண்டாமல் பார்க்க முடியுமா?

முடியும், ஆனால் நிலத்தில் அல்ல. நெப்ராஸ்காவில் ஜான் வீவர் என்ற தாவரச் சூழலியலாளர் ஆழக் குழிவெட்டி வேர்களை ஓவியமாக வரைந்தார். இரண்டு மீட்டருக்கும் கீழே இறங்கும் வேர்களை உலகம் பார்த்தது அப்படித்தான். பள்ளிக்கு ஒரு வேர்ப்பெட்டி போதும்: 90 செ.மீ. உயரம், 40 செ.மீ. அகலம், 5 செ.மீ. தடிமன், முன்பக்கம் அக்ரிலிக் தகடு, அடியில் நீர் வடியத் துளைகள். பாதி மணல், பாதி மேல்மண். தகடு கீழ்நோக்கிச் சாயும்படி 30 டிகிரி சாய்த்து வைத்தால் வேர் நேரே இறங்க முயன்று தகட்டை ஒட்டியே வளரும். வெளிச்சம் படாதபடி கருப்பு அட்டையால் மூடிவையுங்கள். வாரம் ஒருமுறை தெளிதாளை ஒட்டி, வாரத்துக்கொரு நிறத்தில் வேரை வரையுங்கள். பக்கத்திலேயே திடல் புல்லுக்கு இன்னொரு பெட்டி வைத்தால் வித்தியாசம் கண்முன் இருக்கும்.

செடியின் எடையை எப்படி எடுப்பது?

ஆகஸ்ட் கடைசி அல்லது செப்டம்பர் தொடக்கத்தில், நிரந்தரச் சட்டங்களுக்கு வெளியே, வேறிடத்தில் வெட்டுங்கள். இந்த ஆண்டின் பச்சையையும் சென்ற ஆண்டின் சாம்பல்நிறச் சருகையும் பிரித்துவிட வேண்டும். இதை மறந்தால் எரிக்காத பக்கம் 'அதிகம் வளர்ந்ததாக'த் தவறாகத் தெரியும். காகிதப் பையில் 60 டிகிரியில் 48 மணி நேரம் உலர்த்தி நிறுங்கள். உலர்ப்பான் இல்லாவிட்டால் சூடான, காற்றோட்டமான அறையில் வைத்து, அடுத்தடுத்த இரண்டு நாள் எடை மாறாதபோது குறித்துக்கொள்ளலாம். கால் சதுர மீட்டர் எடையை நான்கால் பெருக்கினால் சதுர மீட்டர் கணக்கு.

நிலம் தேறிவருகிறதா என்று ஒரே எண்ணில் சொல்ல முடியுமா?

சிகாகோ வட்டாரத்தில் ஸ்விங்க், வில்ஹெல்ம் என்ற தாவரவியலாளர்கள் இருவரும் உருவாக்கிய முறை ஒன்று உண்டு. ஒவ்வோர் உள்ளூர் இனத்துக்கும் 0 முதல் 10 வரை மதிப்பெண். எங்கும் வளரும் செடிக்குக் குறைவு, கெடாத நிலத்தில் மட்டும் வாழும் செடிக்கு அதிகம். சராசரி மதிப்பெண்ணை இன எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் பெருக்க வேண்டும். 25 இனம், சராசரி 4 என்றால் 4 × 5 = 20. மதிப்பெண் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். உங்கள் மாநிலப் பட்டியலையே எடுங்கள். ஒரு செடியைத் தவறாக அடையாளம் கண்டால் எண் ஏறிவிடும் என்பதால், ஐயமுள்ள செடிகளைப் படமெடுத்துத் தனியே வைப்பது நல்லது.

பிள்ளைகளுக்கு ஆபத்தானது ஏதாவது இருக்கிறதா?

உண்ணி உண்டு. முழுக்கால் சட்டை, காலுறைக்குள் செருகிய நுனி, திரும்பியதும் உடல் சோதனை. அதைவிடப் பலர் அறியாதது காட்டுப் பார்ஸ்னிப் என்ற செடி. அதன் சாறு தோலில் பட்டு வெயிலும் பட்டால் தீப்புண்போலக் கொப்புளிக்கும். மே, ஜூனில் மஞ்சளாகப் பூக்கும் கோல்டன் அலெக்சாண்டர்ஸ் என்ற நல்ல செடியோடு இதைக் குழப்பிக்கொள்கிறார்கள். நல்ல செடி முழங்கால், இடுப்பு அளவில் நிற்கும். அதன் ஒவ்வொரு சிறு பூக்குடையிலும் நடுப்பூவுக்குக் காம்பு இருக்காது. பார்ஸ்னிப் இன்னும் உயரம், தண்டில் வரிப்பள்ளங்கள், ஓரிலையில் ஐந்து முதல் பதினைந்து சிற்றிலைகள். அதை அகற்றுவது கையுறையும் முழுக்கைச் சட்டையும் போட்ட பெரியவர்கள் வேலை, அதுவும் மேகமூட்டமான நாளில்.

ஆசிரியர் மாறினால் ஆய்வு நின்றுவிடுகிறதே?

நிற்காமல் இருக்க நான்கு பொருள் ஒரே பெட்டியில் இருக்கட்டும்: ஆணிகளின் தூரங்களோடு நிலத்தின் வரைபடம், விதைத்த இனங்களின் பட்டியலும் அளவும், அளக்கும் விதிகள் எழுதிய ஒரு பக்கத் தாள், எரித்த அல்லது வெட்டிய தேதிகள். எந்த ஆண்டில் எந்தப் பாதியை எரித்தோம் என்பது தொலைந்தால் மற்ற எண்களுக்குப் பொருளே இல்லாமல் போகும். இவற்றோடு ஒரு கம்பத்தை ஊன்றி, அதன் உச்சியில் கேமராவை வைத்து ஆண்டுதோறும் செப்டம்பர் 10-ஆம் தேதியை ஒட்டி ஒரே திசையில் படம் எடுங்கள். முந்தைய ஆண்டின் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு, கட்டடத்தின் விளிம்போ மரமோ அதே இடத்தில் வரும்படி சட்டகத்தைச் சரிசெய்த பிறகு அழுத்த வேண்டும்.